எங்கட கராஜில நுரை

...அதை மட்டும் என்னட்டக் கேளாதேங்கோ தம்பி, பியர் ஏன் நுரைக்குது எண்டு. நான் சொல்லத் தொடங்கினா நீங்கள் இண்டைக்கு வேற வீட்டு வேலைக்குப் போகேலாது. வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. பார்த்து, உதில சைக்கிள் நிக்குது. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், கராஜ்தானே. கழட்டினா உங்கட கால்தான் ஒட்டும். எல்லாம் பியர். விடியத் துடைக்கிறன், பின்னேரம் துடைக்கிறன், பிறகும் ஒட்டுது. தோசைக்கல்லில ஒட்டினா எண்ணெய் பூசலாம், நிலத்துக்கு என்னத்தைப் பூசுறது.

அவர் இல்லை. என்ர மனுசன், செந்தில்நாதன். உங்கட வான் வந்து நிண்டதுதான் தாமதம், "நான் ஒருக்கா ஹார்ட்வெயார் கடைக்குப் போட்டு வாறன்" எண்டு காரை எடுத்திட்டார். வருவார், வருவார். உங்களைக் கூப்பிட்டது அவர் இல்லை. மகன். அவன் பேர்த் சிற்றியில, பிளேனில நாலு மணித்தியால தூரத்தில இருக்கிறான். அங்க இருந்துகொண்டு இஞ்ச நோபல் பார்க்கில ஃபிரிஜ் திருத்த ஆள் பிடிச்சிருக்கிறான் பாருங்கோ. "அம்மா, நான் வாங்கித் தந்த சாமானால உங்களுக்குக் கரைச்சல், நானே சரிப்பண்ணித் தாறன்" எண்டு சொன்னான். நல்ல பிள்ளைதான். ஆனா கரைச்சலைத் தாறதும் அவன்தான்.

பேர் என்னெண்டு சொன்னியள்? நௌஃபலோ. ஊர்? அக்கரைப்பற்றோ, நல்லது. தமிழ் கதைக்கிற ஆள் வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமே. இந்தக் கதையை இங்கிலீஷில சொல்ல வெளிக்கிட்டா நான் அரைவாசியிலயே களைச்சுப்போடுவன். குறை நினையாதேங்கோ தம்பி, முஸ்லிம் பிள்ளையைப் பியர் பெட்டி திருத்தக் கூப்பிட்டதுக்கு... ஓம், அதுதானே. ஃபிரிஜ் ஃபிரிஜ்தான், உள்ளுக்குள்ள பால் இருந்தா என்ன, பியர் இருந்தா என்ன. எங்கட அவருக்கும் நீங்களே விளங்கப்படுத்துங்கோ, அவருக்கு உது பெட்டி இல்லை, கோயில்.

அந்தக் கதிரையில பையை வையுங்கோ. மற்றக் கதிரை வேண்டாம், ஒரு கால் ஆடும்.

நீங்கள் வேலையைப் பாருங்கோ, நான் சும்மா சொல்லிக்கொண்டு நிக்கிறன். கீழ ஃபிரிஜ், அதுக்குள்ள பியர் உருளை, பக்கத்தில காஸ் சிலிண்டர். மேல வெள்ளித்தூண் மாதிரி நிக்குதே, அதுக்குள்ளால ஒரு மெல்லிய ரியூப் ஏறி வந்து பைப்பில முடியுது... உங்களுக்குத் தெரியும், தெரியும். ஆனா நான் முதலில இருந்து சொன்னாத்தான் எனக்குக் கதை ஒழுங்கா வரும்.

இவர் டண்டினோங்கில ஒரு ஃபாக்டரியில வேலை செய்தவர். காருக்குச் சீற் தைக்கிற இடம். இந்த நாட்டுக்கு வந்த வருசத்தில இருந்து அங்கதான். மெஷின் சத்தத்துக்கு மேலால கத்திக் கத்தியே கதைச்சுப் பழகின மனுசன், வீட்டிலயும் அப்பிடித்தான். "உப்பை எடும்" எண்டு சொன்னா மூண்டு வீட்டுக்குக் கேக்கும். நான் எத்தினை நாள் சண்டை பிடிச்சிருப்பன், மெல்லக் கதையுங்கோ எண்டு. பிறகு ஓய்வு எடுத்தார். எடுத்தாரோ, வாயையும் மூடிட்டார். விடிய எழும்பி ரிவிக்கு முன்னால இருப்பார். சத்தத்தையும் குறைச்சுப்போட்டு, ஓடுற படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எதைக் கேட்டாலும் "ம்". சாப்பிடுறியளோ? ம். வெளியில போவமோ? ம். அது ஓமெண்ட "ம்"மோ, இல்லையெண்ட "ம்"மோ எண்டு நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேணும். கத்தின காலத்தில மெல்லக் கதை எண்டன். பிறகு, ஒருக்காக் கத்தினா என்ன எண்டு இருந்தது தம்பி, உண்மையாச் சொல்லுறன்.

டொக்டரிட்டயும் கூட்டிக்கொண்டு போனனான். நடக்கச் சொன்னார், ஆக்களோட பழகச் சொன்னார். நடந்தவர், தபால்பெட்டி மட்டும்.

அப்பத்தான் மகன் இவற்ற பிறந்தநாளுக்கு இந்தப் பெட்டியை அனுப்பினான். எனக்கு விசர் வந்திட்டுது. உங்கட அப்பா சனி ஞாயிறில ஒரு கிளாஸ் குடிக்கிற ஆள், அவருக்கு ஏன் உருளைக்கணக்கில பியர் எண்டு கேட்டன். "அம்மா, அது குடிக்கிறதுக்கு இல்லை, மினக்கெடுறதுக்கு" எண்டான். அப்ப எனக்கு விளங்கேல்லை.

முதல் நாள், ஒரு சனிக்கிழமை. எல்லாத்தையும் பூட்டி, உருளையை உள்ளுக்கு வைச்சு, முதலே ரெண்டு நாள் குளிர விட்டிருந்தவர். நல்ல கிளாஸ் ஒண்டு எடுத்து, பைப்பைத் திறந்தார். என்ன வந்தது எண்டு நினைக்கிறியள்? நுரை. கிளாஸ் முழுக்க நுரை. தலைமுடி வெட்டுற கடையில தாடைக்குப் பூசுவினமே, அது மாதிரி. அதைக் குடிக்கேலாது, கரண்டியாலதான் எடுத்துச் சாப்பிட வேணும். இன்னொரு கிளாஸ். அதுவும் நுரை. நிலமெல்லாம் வெள்ளை. இவர் கிளாஸைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, "சத்தியா!" எண்டு கத்தினாரே பாருங்கோ... குசினியில நிண்ட என்ர கையில இருந்த அகப்பை விழுந்திட்டுது. எத்தினை மாசத்துக்குப் பிறகு என்ர பேர் அந்த வாயில வந்தது.

அந்தச் சத்தம் பக்கத்து வீட்டு புருனோவுக்கும் கேட்டிட்டுது. இத்தாலிக்காரர், பிளம்பர் வேலை செய்து ஓய்வெடுத்தவர், மனிசி செத்துத் தனிய இருக்கிறார். மதிலுக்கு மேலால தலையை நீட்டினார். முப்பது வருசமா ஹலோ, குட்மோர்னிங், அவ்வளவுதான் எங்களுக்குள்ள. அண்டைக்கு கேற்றைத் திறந்து உள்ளுக்கே வந்திட்டார். குழாய் எண்டா பிளம்பருக்கு கை சும்மா இருக்குமோ. "லைன் சரியான கட்டை, அதுதான் நுரை" எண்டார். அடுத்த சனிக்கிழமை நீளமான மெல்லிய ரியூப் கொண்டுவந்து மாத்தினார். கொஞ்சம் குறைஞ்சது. ஆனா நுரைதான்.

பிறகு இவர் வாசுதேவன் அண்ணைக்கு ஃபோன் பண்ணினார். ஃபாக்டரியில இவரோட ஒண்டா நிண்டவர், இப்ப கிளேய்டனில இருக்கிறார். இவர் தானா ஃபோனை எடுத்து ஆரோடயும் கதைச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டனான். வாசுதேவன் அண்ணை வந்து, "மச்சான், கிளாஸ் வெக்கை. கிளாஸை ஃபிரீசரில வை" எண்டார். என்ர ஃபிரீசரில. நான் சுத்தி வைச்ச மீனையும் இறாலையும் எடுத்து வெளியில வைச்சுப்போட்டு, கிளாஸ் அடுக்கியிருக்கினம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பின்னேரம் பூனை வந்துதான் எனக்குச் சொன்னது. பனி பிடிச்ச கிளாஸில ஊத்தினா இன்னும் கூட நுரைக்குது எண்டு பிறகு கண்டுபிடிச்சினம். தண்ணியில அலசிப்போட்டு, சாதுவாக் குளிர்ந்தாக் காணுமாம். என்ர இறால் போனது போனதுதான்.

இந்தாங்கோ, தேத்தண்ணி. பற்றிஸும் எடுங்கோ, மரக்கறிதான், பயப்பிட வேண்டாம்... சரி, கை ஊத்தையெண்டா பிறகு எடுங்கோ.

எங்க விட்டனான்... ஓம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மூண்டு பேரும் இஞ்சதான். மார்கழி இஞ்ச கோடை, அந்த வெக்கையில இந்தக் கராஜ் பாண் போறணை மாதிரி. மூண்டு பேரும் ஃபிரிஜ் கதவை விரியத் திறந்து வைச்சுக்கொண்டு, ஏன் குளிரேல்லை எண்டு கதைக்கினம். நான் கதவை மூடினா, "பொறும், பார்க்க வேணும்" எண்டு இவர் கத்துறார். அந்தத் தூணைச் சுத்தி ஈரத்துவாய் கட்டினவை. ஆற்ற துவாய்? என்ர நல்ல துவாய், வெள்ளை. பேந்து சொக்ஸுக்குள்ள ஐஸ் போட்டு மாலை மாதிரித் தூணில தொங்கவிட்டவை. சூடு அளக்கிற வயர் ஒண்டு உள்ளுக்குத் தொங்குதே, அதைக் காத்தில விடக்கூடாது, உருளையோட ஒட்டித்தான் வைக்க வேணும் எண்டு புருனோ சொன்னார். வாசுதேவன் அண்ணை இல்லையெண்டார். அதுக்கு ஒரு முழுப் பின்னேரம் சண்டை. எனக்கு என்ன வேலை? நுரை துடைக்கிறதும், மூண்டு பேருக்கும் ரோல்ஸ் பொரிக்கிறதும். புருனோ இப்ப உறைப்புக் கட்டா சம்பல் கேட்டுச் சாப்பிடுறார். மற்ற ரெண்டு பேரும் சனிக்கிழமைக்கு எண்டே சவரம் எடுக்கினம்.

கடைசியா வாசுதேவன் அண்ணைதான் பிடிச்சவர். கீழ உருளை குளிர், மேல கிளாஸ் குளிர், நடுவில அந்தத் தூண் வெக்கை. பைப்பை மூடி வைச்சிருக்கேக்க ரியூபுக்குள்ள நிக்கிற பியர் தூணில சூடாகுது, திறந்த உடன நுரையா வருது. சின்னக் கம்ப்யூட்டர் ஃபான் ஒண்டு எடுத்து, ஃபிரிஜுக்குள்ள பூட்டி, ஒரு ஹோஸால குளிர்காத்தைத் தூணுக்குள்ள ஏத்தினவை. அண்டைக்குப் பைப்பைத் திறக்க... வடிவா வந்தது தம்பி. பொன் நிறம், மேல ரெண்டு விரல் நுரை, கிளாஸ் வெளியில வேர்க்குது. மூண்டு கிழவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிண்டவை. குடிச்சினம். "பெர்ஃபெக்ட்" எண்டார் புருனோ. ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சுப்போட்டு, மற்ற ரெண்டு பேரும் வெளிச்சத்தோடயே வீட்டுக்குப் போட்டினம்.

நான் சந்தோசப்பட்டன். இனி நிலம் ஒட்டாது, துவாய் மிஞ்சும் எண்டு.

அடுத்த சனிக்கிழமை புருனோ வரேல்லை. பேரப்பிள்ளையளிட்டப் போறாராம். வாசுதேவன் அண்ணை ஃபோனும் எடுக்கேல்லை. வந்து என்ன செய்யிறது, செய்ய ஒண்டும் இல்லையே. இவர் தனிய வந்து இந்தக் கதிரையில இருந்து, நல்லாக் குளிர்ந்த பியர் ஒரு கிளாஸை வைச்சுப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிச்சு முடிக்கேல்லை, கடைசியில சூடாகிட்டுது, ஊத்திப்போட்டார். அதுக்கு அடுத்த கிழமை கராஜுக்கே வரேல்லை. ரிவி. சத்தம் இல்லாம. நான், "என்னப்பா, புருனோவைக் கூப்பிடுங்கோவன்" எண்டன். "ம்" எண்டார்.

அந்த "ம்"மைக் கேட்ட உடன நான் எழும்பி இஞ்ச வந்திட்டன்.

தம்பி, பொறுங்கோ. அந்தத் தூணைக் கழட்டாதேங்கோ. அதில ஒரு பிழையும் இல்லை. கதவுக்குப் பின்னால, உருளைக்கு அங்கால ஒரு சின்ன வயர் கிடக்கும், பாருங்கோ. ஃபான் வயர். கழண்டிருக்கோ?

கழண்டிருக்கும். கழட்டினது நான்.

அப்பிடிப் பார்க்காதேங்கோ. வேற என்ன செய்யிறது எனக்கு. இவர் ரிவிக்கு முன்னால இருக்கேக்க வந்து மெல்லக் கழட்டிப்போட்டு, ஒரு கிளாஸ் பியர் கொண்டுவந்து தாங்கோவன், விருந்தாள் வருகினம் எண்டு பொய் சொன்னன். போனார். பைப்பைத் திறந்தார். "சத்தியா, நுரை திரும்ப வந்திட்டுது!" எண்டு கத்திக்கொண்டே மதிலடிக்குப் போய் புருனோவைக் கூப்பிட்டார். புருனோ சாப்பாட்டை விட்டுட்டு ஓடிவந்தவர். ரெண்டு பேற்ற முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேணும். அடுத்த சனிக்கிழமை கிளேய்டனில இருந்து மற்றவரும் ஆஜர். அவை வயரைக் கண்டுபிடிச்சுக் கொழுவுவினம், அவை போன பிறகு நான் கழட்டுவன். எலி கடிக்குது எண்டு புருனோ சொல்லுறார். எலிக்குப் பொறியும் வைச்சிருக்கிறார், அங்கால பாருங்கோ, சீஸோட.

நான் மூண்டு பேரையும் ஏமாத்திப் பேய்க்காட்டுறன்தான். ஆனா நிலம் துடைக்கிறதும் நான்தானே.

அதால தம்பி, மகனிட்டச் சொல்லுங்கோ, பார்த்தனான், பெரிய பழுது ஒண்டும் இல்லை, பழசாகினா அப்பிடித்தான் எண்டு. அந்த வயரைக் கொழுவ வேண்டாம்... என்ன, கொழுவிட்டியளோ? சரி, கொழுவித்தான் பார்க்க வேணும் எண்டா ஒருக்காப் பாருங்கோ. வேலையில நேர்மையான ஆள், விளங்குது. காத்து தூணுக்குள்ள ஏறட்டும், கொஞ்சம் பொறுங்கோ. இப்ப திறந்தா வடிவா வரும். அந்தக் கிளாஸை அலசுங்கோ முதல்.

...இதென்ன.

நுரை. இதென்ன தம்பி, ஃபான் ஓடுதே, சத்தம் கேக்குது. இன்னொருக்காத் திறவுங்கோ. திரும்பவும் நுரை. நான் வயரைத் தவிர ஒண்டிலயும் கை வைக்கேல்லை, உங்களாணை. இதுக்கு என்ன வந்தது.

எதைக் காட்டுறியள்? காஸ் சிலிண்டரிலயோ. அந்த மீற்றர் முள்ளு எங்க நிக்க வேணும்? அவ்வளவு கீழயோ. இது எங்கயோ மேல நிக்குதே. ஆரோ திருகிக் கூட்டியிருக்கினம் எண்டுறியள்... தானா ஏறாதோ? ஏறாது. அப்ப கூட்டின காஸ்தான் பியரைத் தள்ளிக்கொண்டு வந்து நுரைக்கப் பண்ணுது. விளங்குது, விளங்குது.

ஆனா ஆர் தம்பி? எனக்கு அந்தத் திருகு கிடக்கிற இடமே இப்பத்தான் தெரியும். புருனோ கை வைக்கிறேல்லை, காஸெண்டா பயம் அவருக்கு. வாசுதேவன் அண்ணை ரெண்டு கிழமையா இஞ்சால வரேல்லை, முழங்கால் நோ. அப்ப...

நேற்று மகன் ஃபோன் எடுத்து, அப்பா, நாளைக்கு ஆள் வருது, எல்லாம் சரியாகிடும் எண்டு சொன்னவன். நான் இவற்ற முகத்தைப் பார்த்தன். பிறந்தநாள் கேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போறம் எண்டு பிள்ளைக்குச் சொன்ன மாதிரி. இண்டைக்கு உங்கட வானைக் கண்ட உடன ஓட்டம். ஹார்ட்வெயார் கடையில இவருக்கு ஒரு சாமானும் தேவையில்லை தம்பி. நீங்கள் அந்த முள்ளைப் பார்க்கேக்க பக்கத்தில நிக்க வெக்கம்.

அட கடவுளே. நான் அவரைப் பேய்க்காட்ட, அவர் என்னைப் பேய்க்காட்ட, நடுவில புருனோ எலிக்குச் சீஸ் வைக்கிறார்.

பாருங்கோ, எனக்குக் கண் கலங்குது, சிரிப்பும் வருது. நான் நினைச்சன், மனுசனுக்கு ஒண்டும் தெரியாது, நுரை வந்தா ஆக்கள் வருகினம், ஆக்கள் வந்தா கதைக்கிறார், அவ்வளவுதான் எண்டு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தத் தனிச் சனிக்கிழமை கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அண்டைக்கே யோசிச்சிருக்கிறார். வாங்கோ எண்டு கூப்பிட வாய் வரேல்லை. நுரைக்குது வாங்கோ எண்டு கூப்பிட மட்டும் வருது. ஆம்பிளையள் அப்பிடித்தானோ தம்பி? நீங்களும் அப்பிடியோ?

சரி. குறையுங்கோ. காஸைச் சரியான இடத்துக்குக் குறையுங்கோ, வயரையும் இனிக் கழட்டாத மாதிரி நல்லா இறுக்கிவிடுங்கோ. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். நான் ஒரு பக்கத்தால, அவர் ஒரு பக்கத்தால எவ்வளவு காலத்துக்கு இந்தப் பெட்டியைப் பழுதாக்குறது.

...வந்திட்டுது. வடிவா வந்திட்டுது, நுரை ரெண்டு விரல்தான். நீங்கள் குடிக்கமாட்டியள், ஊத்தவும் மனமில்லை. தாங்கோ, நான் ஒரு வாய் பார்க்கிறன். இவ்வளவு துடைச்சிருக்கிறன், ஒரு நாளும் வாயில வைச்சதில்லை. ம்... கைக்குது. பாவக்காய்த் தண்ணி மாதிரி. ஆனா குளிர் நல்லாத்தான் இருக்கு, தொண்டைக்குள்ளால இறங்கிறது தெரியுது. இதுக்கோ இவ்வளவு பாடும்.

கார் வருது. அவர்தான்.

வாங்கோ, வாங்கோ. ஏன் அங்க வாசலிலயே நிக்கிறியள். ஓம், பியர்தான் குடிக்கிறன், வடிவாப் பாருங்கோ. கையில என்ன? ஒரு ஆணிப் பெட்டி. இதை வாங்கத்தானோ அவ்வளவு தூரம் போனனீங்கள். இல்லையப்பா, தம்பி ஒரு கோளும் சொல்லேல்லை, அவர் வாயே திறக்கேல்லை, முழுக்க நான்தான் கதைச்சனான். இஞ்சேருங்கோ, நானே சொல்லுறன். ஃபான் வயரைக் கழட்டினது நான். காஸைத் திருகினது நீங்கள். இனி ரெண்டு பேரும் கை வைக்கிறேல்லை.

சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. மதிலுக்கு அங்கால கேக்கட்டும்.

தம்பி, நீங்கள் இவருக்கும் ஒருக்காக் காட்டிவிடுங்கோ, முள்ளு எங்க நிக்க... எங்க தம்பி? அட, பையைத் தூக்கிக்கொண்டு போட்டார். சத்தமில்லாம வானையும் எடுக்கிறார். போயிட்டு வாங்கோ தம்பி! பாவம், தேத்தண்ணி ஆறிப்போச்சு. பற்றிஸ் ரெண்டு எடுத்திருக்கிறார், அது காணும்.

நில்லுங்கோ, என்ர ஃபோன் எங்க. ஆருக்கோ? புருனோவுக்குத்தான். நீங்கள் இந்த கிளாஸைப் பிடியுங்கோ, எனக்கு வேண்டாம், கைக்குது.

ஹலோ, புருனோ? சத்தியா கதைக்கிறன். நோ, நோ பிராப்ளம். நோ, நுரை இல்லை, நோ ஃபோம். எவ்ரிதிங் குட், ஃபிக்ஸ்ட். ஓம். சனிக்கிழமை வாங்கோ. சாமான் ஒண்டும் கொண்டுவர வேண்டாம், நோ டூல்ஸ். ஜஸ்ட் கம்... என்ன? வை?

இஞ்சேருங்கோ, ஏன் எண்டு கேக்கிறார். இந்தாங்கோ, பிடியுங்கோ. நீங்களே கதையுங்கோ.